விரல் படிக்காத வினாத்தாள்

அன்று காலை ஒன்பது மணிக்கு எங்கள் நால்வரையும் அச்சகத்துக்குள் விட்டு வெளியே பூட்டினார்கள். எல்லோருடைய கைப்பேசிகளையும் ஒரு துணிப்பையில் போட்டு, அதன் வாயில் அரக்கு வைத்தார் கட்டிமனி மேடம். அவர் தேர்வு வாரிய அதிகாரி.

மறுநாள் பத்தாம் வகுப்புக் கணிதத் தேர்வு. கர்நாடகத்தின் வட மாவட்டங்களில் பார்வையில்லாத பிள்ளைகள் முப்பத்துநான்கு பேர் எழுதுகிறார்கள். அவர்களுக்கான பிரெயில் வினாத்தாளைத் தார்வாடில் இருக்கும் எங்கள் அறக்கட்டளை அச்சகம்தான் அடித்துத் தர வேண்டும். மாலை நான்கு மணிக்கு வண்டி வரும். அதில் பீதர் வரைக்கும் போக வேண்டிய கட்டுகள் ஏற வேண்டும்.

நான் நீலகங்கா ஹிரேமட். எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. பத்தொன்பது வருடமாக இங்கே மெய்ப்புப் பார்க்கிறேன். என் கையெழுத்து இல்லாமல் ஒரு தாள்கூட வெளியே போகாது. உத்தியோகத்தோடு சேர்த்துக் கொடுத்த வீட்டில்தான் நானும் என் மகளும் இருக்கிறோம்.

என் விரல்களால் ஏழு மாதமாகப் படிக்க முடியவில்லை. அச்சகத்தில் அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

சர்க்கரை என்றார் டாக்டர். முதலில் பாதம் மரத்தது, பிறகு விரல் நுனிகள். தாளில் புள்ளிகள் இருப்பது தெரியும். எத்தனை, எந்த இடத்தில் என்பது தெரியாது. கையுறை போட்டுக்கொண்டு மணலைத் தடவுவது போல.

பிறகு எப்படி ஏழு மாதம் ஓட்டினேன்? எங்கள் வேலை இருவர் வேலை. நான் பிரெயில் தாளை விரலால் படித்து உரக்கச் சொல்ல வேண்டும். எதிரே ரேஷ்மா நதாஃப் அச்சுத்தாளைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு வரிக்கும் ‘சரி’ சொல்ல வேண்டும். இதில் நான் ஒரு புது வழக்கத்தை நுழைத்தேன். “மொதல்ல நீ ஒரு பக்கம் படிச்சுக் காட்டு ரேஷ்மா, எனக்கு விஷயம் புரியட்டும்” என்பேன். அவள் படிப்பாள். எனக்கு ஒரு தடவை கேட்டால் போதும், பதிந்துவிடும். பிறகு விரல்களைத் தாள்மேல் ஓட்டிக்கொண்டே, மனதில் இருப்பதைச் சொல்வேன். அவளும் சரி, சரி என்பாள்.

அதாவது தாளில் இருக்க வேண்டியதைச் சொன்னேனே தவிர, இருப்பதைச் சொல்லவில்லை. ஆனால் ஒரு தவறும் வந்ததில்லை. மென்பொருள் அப்படி. நூற்றுக்கும் மேற்பட்ட மொழிகளைப் பிரெயிலாக மாற்றும் அது. கன்னடம், மராத்தி, உருது, அரபு என்று உலகமே உள்ளே இருந்தது. அதை இயக்கும் ஈரண்ணா ஒரு தடவை விளையாட்டாகத் தன் பெயரைக் கொரிய மொழிப் பிரெயிலில் அடித்துக் கொண்டுவந்து நீட்டினார்.

“பாருங்க அக்காரே, கொரியாவுல பொறந்திருந்தா நான் இப்படித்தான் இருந்திருப்பேன்!”

நான் தடவிவிட்டு, “இங்க இருக்கறதவிட அங்க லட்சணமா இருக்கீங்க” என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் கன்னடத்தில் அடித்துக் கொடுத்திருந்தாலும் எனக்கு வித்தியாசம் தெரிந்திருக்காது.

கணித வினாத்தாள் பன்னிரண்டு பக்கம், முப்பத்தெட்டு கேள்வி. பத்தரை மணிக்கு ரேஷ்மாவும் நானும் முடித்துவிட்டோம். எல்லா எண்ணும், எல்லாப் பின்னமும் சரி. நான் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டேன். இயந்திரம் தடதடவென்று ஓட ஆரம்பித்தது.

பன்னிரண்டு மணிக்கு ஈரண்ணா எங்கள் ஊர்ப் பால் இனிப்பான பேடா டப்பாவைத் திறந்தார். வேலை நல்லபடியாகப் போனால் அவர் வழக்கம் அது.

“எனக்கு வேண்டாம் ரீ” என்றேன், எங்கள் ஊர் மரியாதையோடு.

“யவ்வா! பேடாவ வேண்டாம்ங்கறீங்களா? தார்வாடுல இத யாராவது கேட்டா உங்கள ஊரவிட்டே தள்ளி வெச்சிடுவாங்க.”

“முன்னெல்லாம் டப்பா தொறக்கற சத்தத்துக்கே ஓடி வருவாங்க நீலக்கா” என்றாள் ரேஷ்மா.

கட்டிமனி மேடம்கூட லேசாகச் சிரித்தார். ஈரண்ணா வாயில் பேடாவோடு பேசிக்கொண்டே போனார்.

“நல்லவேளை, இன்னைக்கு மெஷின் மக்கர் பண்ணல. முந்தாநாள் கம்ப்யூட்டர் படுத்துடுச்சில்ல? மென்பொருள மறுபடி மொதல்லருந்து ஏத்தினேன். பொண்ணு பாக்க வந்த மாதிரி ஆயிரம் கேள்வி கேக்குது ரீ அது. எந்த மொழி, எந்த நாடு, என்ன தாள்... எல்லாத்துக்கும் சரி சரின்னு தட்டி விட்டேன்.”

கையிலிருந்த தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தேன்.

“கணக்குக் குறியீடு எதுன்னு கேட்டுச்சா?”

“கேட்டிருக்கும். அதுவே எதையோ போட்டு வெச்சிருந்துச்சு, விட்டுட்டேன்.” பிறகு சிரித்தார். “நீங்கதான் ஒவ்வொரு நம்பரா படிச்சுப் பாத்துட்டீங்களே அக்காரே. உங்க விரலுக்கு மேல என்ன சாட்சி வேணும்?”

கணிதத்தைப் பிரெயிலில் எழுத உலகத்தில் ஒரே முறை கிடையாது. எங்கள் பிள்ளைகள் முதல் வகுப்பிலிருந்து படித்த முறையில், எண்களின் புள்ளிகள் ஆறு புள்ளிக் கட்டத்தின் கீழ்ப்பகுதியில் இருக்கும். வேறு சில நாடுகளின் முறையில் அதே புள்ளிகள் மேலே ஏறிவிடும். கூட்டல், கழித்தல் குறிகளும் வேறு. மென்பொருள் தானாகப் போட்டு வைத்திருந்தது அந்த முறையாக இருந்தால், எண் இருக்க வேண்டிய இடமெல்லாம் எங்கள் பிள்ளைகளின் விரலுக்கு எழுத்துகள் தட்டுப்படும். மூன்று மணி நேரத் தேர்வில் முதல் கேள்வியையே படிக்க முடியாமல் உட்கார்ந்திருப்பார்கள். கேட்டால் மேற்பார்வையாளருக்கும் தெரியாது.

ஒருவேளை சரியான முறையாகவே இருக்கலாம். அதைத் தெரிந்துகொள்ளத்தான் அந்த அறையில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் நான்.

“புள்ளி உயரம் பாக்கறேன்” என்று சொல்லி, அடித்து முடித்த கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்துக்கொண்டு காகிதக் கட்டுகளுக்குப் பின்னால் போனேன். வலது ஆட்காட்டி விரலால் அழுத்தினேன். மணல். இடது விரல். மணல். சுண்டுவிரல்வரை பார்த்தேன்.

அப்போது சோமவ்வாவின் நினைவு வந்தது. பள்ளியில் என் வகுப்பு. ஏதோ நோயில் விரல்கள் மரத்துப் போனவள். அவள் தாளை முகத்துக்கு நேரே தூக்கி உதட்டால் படிப்பாள். ‘காகிதம் தின்னி’ என்று அவளுக்குப் பெயர் வைத்ததே நான்தான்.

தாளைத் தூக்கி மேல் உதட்டில் வைத்தேன்.

முதலில் கூச்சம்தான் தெரிந்தது. மெல்ல நகர்த்தினேன். பிறகு, ஏழு மாதம் கழித்து, ஓர் எழுத்து வந்தது. அதற்கடுத்து இன்னொன்று. கன்னடம் சரியாகத்தான் இருந்தது. அழுகை முட்டியது, அடக்கிக்கொண்டேன். உதடு நனைந்தால் புள்ளி அமுங்கிவிடும். எண் வருகிறது என்று சொல்லும் அடையாளத்தைத் தேடிப் பிடித்தேன். அதற்கு அடுத்த கட்டத்தில் புள்ளிகள் மேலே இருந்தன. அடுத்த வரியிலும் மேலே. திரும்பவும் பார்த்தேன். எல்லாமே மேலே.

“என்ன ரீ ஹிரேமட்! வினாத்தாள வாயில வெச்சுக்கிட்டு என்ன பண்றீங்க?”

கட்டிமனி மேடம். பக்கத்தில் ரேஷ்மாவின் வளையல் சத்தமும் கேட்டது.

ஒரு பொய் தயாராக இருந்தது. ‘நான் படிச்சப்போ சரியாத்தான் இருந்துச்சு.’ நாலே வார்த்தை. அதற்கப்புறம் யாரோ மாற்றிவிட்டார்கள் என்று ஆகிவிடும். கணினியைத் தொடுகிற ஒரே ஆள் ஈரண்ணா. அவருக்கு இரண்டு பிள்ளைகள்.

“மேடம், மெஷின நிறுத்தச் சொல்லுங்க” என்றேன். “கணக்குக் குறியீடு தப்பு. பன்னெண்டு பக்கமும் தப்பு.”

“காலையில நீங்கதான படிச்சுக் கையெழுத்துப் போட்டீங்க?”

“படிக்கல. ரேஷ்மா படிச்சதக் கேட்டு மனப்பாடமா ஒப்பிச்சேன். என் விரல் செத்துப்போச்சு மேடம். ஏழு மாசமாச்சு.”

இயந்திரம் நின்றது. ஒவ்வொருவரும் எங்கே நிற்கிறார்கள் என்றுகூட எனக்குத் தெரியவில்லை.

ரேஷ்மாதான் முதலில் பேசினாள். “அப்ப நான் சரி, சரின்னு சொன்னதெல்லாம்?”

“நீ படிச்சதையே உனக்குத் திருப்பிச் சொன்னேன்.”

“என்னை முட்டாளாக்கிட்டீங்க நீலக்கா. அந்தப் பதிவேட்டுல என் கையெழுத்தும் இருக்கு.”

ஈரண்ணா கணினிப் பக்கம் ஓடியது கேட்டது. விசைகள் படபடத்தன. “ஆமா மேடம்... வேற ஏதோ போட்டிருக்கு. ஐயோ, என் புத்தி! இத மாத்த அரை நிமிஷம் போதும். மாத்திட்டேன்.”

“அரை நிமிஷம் போதும், சரி. இப்ப இது சரியான்னு யார் படிச்சுச் சொல்றது?” என்றார் கட்டிமனி மேடம். “வெளியிலேருந்து ஆள் உள்ள வரக் கூடாது. மெய்ப்புப் பாக்காம ஒரு தாளும் நான் வெளிய விட மாட்டேன். மணி பன்னெண்டே முக்கால்.”

“நான் படிக்கறேன்” என்றேன். “உதட்டால.”

மேடம் மறுப்பதற்குள் தொடர்ந்தேன்.

“ஒரு பக்கம் முடிய முடிய அடிக்க விடுங்க மேடம். நான் அடுத்த பக்கம் படிக்கறப்போ முந்தின பக்கம் மெஷின்ல ஓடட்டும். எதிர்ல ரேஷ்மா வேணும்.”

ரேஷ்மா உடனே வரவில்லை. நான் காத்திருந்தேன். பிறகு நாற்காலி இழுபடும் சத்தம்.

“இந்தத் தடவை நான் மொதல்ல படிக்க மாட்டேன்” என்றாள்.

“வேண்டாம்.”

ஆனால் காலையில் கேட்டது மொத்தமும் உள்ளேயே இருந்ததே! உதடு ஒரு வார்த்தையைத் தொடும்போது மனப்பாடம் நான்கு வார்த்தை முன்னால் ஓடியது. அதை இழுத்து நிறுத்துவதுதான் பெரும்பாடாக இருந்தது. ரேஷ்மா கண்டுபிடித்துவிட்டாள்.

“வேகமா வருது. ஒப்பிக்கறீங்க. வரி ஆரம்பத்துலேருந்து.”

திரும்பவும் ஆரம்பித்தேன். எண் அடையாளம். கீழே இரண்டு புள்ளி. “மூணு.”

“சரி.”

“கூட்டல் குறி. அடுத்து அஞ்சு.”

“சரி.”

முதல் பக்கத்துக்கு இருபது நிமிடம் ஆனது. இந்தக் கணக்கில் நான்கு மணி தாண்டிவிடும் என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் சொல்லவில்லை. இரண்டாம் பக்கத்துக்குப் பதினெட்டு. உதட்டின் தோல் எரிய ஆரம்பித்தது. வியர்வை வழிந்து உதட்டுக்கு வந்தபோது ரேஷ்மா தன் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்தாள். சாப்பாட்டு மணி போனது. கட்டிமனி மேடத்தின் டப்பாவிலிருந்து ரொட்டியும் கத்திரிக்காயும் மணத்தன. அவரும் திறந்துவிட்டு மூடிவிட்டார்.

ஆறாம் பக்கத்தில் பதினான்கு நிமிடம். ஒன்பதாம் பக்கத்தில் பன்னிரண்டு. அதற்குள் ரேஷ்மாவின் ‘சரி’யில் கோபம் குறைந்திருந்ததா, களைப்பு கூடியிருந்ததா என்று சொல்ல முடியவில்லை. ஈரண்ணா தாள்களை அடுக்கிக்கொண்டே வாயிலிருந்த வேடிக்கையெல்லாம் தீர்ந்தவர்போல நடந்தார்.

மூன்று மணி நாற்பதுக்குப் பன்னிரண்டாம் பக்கம் முடிந்தது. பதிவேட்டில் இரண்டாம் தடவை கையெழுத்துப் போட்டேன். நான்கு மணிக்கு வண்டி வந்து நின்றபோது கடைசித் தாள்கள் இன்னும் சூடாக இருந்தன. நாலே காலுக்குக் கட்டுகள் ஏறின. பழைய தாள் ஒவ்வொன்றையும் எண்ணிச் சாக்கில் போட்டு அரக்கு வைத்தார் கட்டிமனி மேடம். பிறகு என் முன்னால் வந்து நின்றார்.

“பதிவேட்டுல ஒரே தாளுக்கு உங்க கையெழுத்து ரெண்டு தடவை இருக்கு. நடுவுல நடந்தத எழுதிக் குடுங்க. அறக்கட்டளைக்கு ஒண்ணு, எங்களுக்கு ஒண்ணு.”

“எழுதிக் குடுத்தா?”

“அத அவங்க முடிவு பண்ணுவாங்க. நானும் நடந்தத நடந்தபடிதான் எழுதுவேன். நாலே காலுக்கு வண்டி கிளம்பினதையும் எழுதுவேன்.”

ஆறு விசைப் பிரெயில் தட்டச்சை இழுத்து வைத்தேன். தட்டுவதற்கு விரல்நுனி உணர்வு தேவையில்லை, பலம் இருந்தால் போதும். அந்த அறையில் என் எழுத்தைப் படிக்கத் தெரிந்தவர் என்னைத் தவிர யாரும் இல்லை. எதை வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம். சர்க்கரையிலிருந்து ஆரம்பித்து ஏழு மாதத்தையும் எழுதினேன்.

“இத ஈரண்ணா கணினியில ஏத்தட்டும். நீங்க படிச்சுச் சொல்லுங்க” என்றார் மேடம்.

தாளை உதட்டுக்குத் தூக்கினேன். தோல் உரிந்திருந்ததால் ஒவ்வொரு புள்ளியும் சுரீரென்றது. முதல் வரியைப் படித்தேன். ஈரண்ணாவின் விசைகள் தட்டின. தட்டி முடித்ததும் எதிரேயிருந்து ரேஷ்மாவின் குரல் வந்தது.

“சரி.”

ஒப்பிட்டுப் பார்க்க அவள் கையில் அச்சுத்தாள் ஏதும் இல்லை. இரண்டாம் வரிக்குப் போனேன்.