மடியில் இரண்டு இசைத்தட்டுகள்

ஆடி அமாவாசை அன்று திருவரங்குளத்திலிருந்து சின்னப்பிள்ளை ஆலங்குடிக்கு பஸ் ஏறினால் கோயிலுக்கும் இல்லை, குளத்துக்கும் இல்லை, குணசேகரன் வீட்டுக்குத்தான்.

அவள் மகன் அடைக்கலம் சிறுபிள்ளையாக இருந்தபோதே கண்மாயில் மூழ்கிப் போனவன். நாற்பது வருசத்துக்கு மேல் ஆகிறது. தூக்கிவந்து கிடத்தியபோது அவளுக்கு அழுகை வரவில்லை. பிறகும் வரவில்லை. அடுத்து வந்த திருவிழாவில் மைக் செட் மூக்கன் இசைத்தட்டில் ஒரு நாடகம் போட்டான். வெள்ளத்தில் மகனைப் பறிகொடுத்தவள் கரையில் கிடந்து ஒப்பாரி வைப்பதோடு அது முடியும். அன்றைக்குத்தான் வாய்விட்டு அழுதாள். அதிலிருந்து வருசத்துக்கு ஒருமுறை அந்த நாடகத்தைக் கேட்டு அழுதுவிட்டு வருவதே அவள் பிள்ளைக்குக் கொடுக்கும் திதி.

மூக்கன் செத்த பிறகு அவனுடைய இசைத்தட்டுகளைக் குணசேகரன் வாங்கி வைத்திருந்தான். சிங்கப்பூரில் எலக்ட்ரீசியனாக இருந்து வந்தவன். பழைய ரெக்கார்டு சேஞ்சர் என்றால் அவனுக்குக் கிறுக்கு. பார்த்திருக்க மாட்டீர்கள் கண்ணுகளா, சொல்கிறேன். நடுவில் உயரமாக ஒரு கம்பி. அதில் தட்டுகளை அடுக்கி வைத்தால் அடித்தட்டு முதலில் 'டொக்'கென்று விழும். அது பாடி முடிந்ததும் முள் தானே ஒதுங்கி அடுத்ததற்கு வழிவிடும். கம்பி காலியானால் மிஷின் தானே நின்றுவிடும்.

"நான் தொண்டத்தண்ணி வத்தக் கூப்பிட்டாலும் திரும்ப மாட்டாரு. அது 'டொக்'குன்னா ஓடுவாரு" என்பாள் அவன் மனைவி சிவரஞ்சனி.

போன வருசம்வரை அவனும் மூக்கன் போட்ட மாதிரியேதான் அந்த நாடகத்தைப் போட்டான். அடுத்த செட்டுக்காரன் தூக்கிக்கொண்டு போய்விடக் கூடாதென்று மூக்கன் ஒவ்வொரு தட்டின் நடுவிலும் தன் பெயர் போட்ட தாளை ஒட்டியிருந்தான். இந்த வருசம் குணசேகரன் அதை ஈரத்துணி வைத்து உரித்தான். அடியில் எண்கள் தெரிந்தன. முதல் தட்டில் ஒரு பக்கம் ஒன்று, மறுபக்கம் ஆறு. அடுத்ததில் இரண்டும் ஐந்தும். மூன்றாவதில் மூன்றும் நாலும். சேஞ்சருக்கென்றே அச்சடித்த தட்டுகள்! மூன்றும் விழுந்து முடிந்ததும் கட்டோடு புரட்டிப் போட்டால் நாலு, ஐந்து, ஆறு என்று கதை ஓடும். ஒற்றைத்தட்டுப் பெட்டி வைத்திருந்த மூக்கனோ ஒவ்வொன்றையும் போட்டு, உடனே திருப்பிப் போட்டு, பிறகு அடுத்ததை எடுத்திருக்கிறான். ஒன்று, ஆறு, இரண்டு, ஐந்து, மூன்று, நாலு என்று கதை மாறி ஓடியிருக்கிறது. நாலாம் பக்கத்து ஒப்பாரிதான் முடிவென்று ஊரே நம்பியிருக்கிறது.

கிழவிக்கு இதைவிடப் பெரிதாக என்ன கொடுத்துவிட முடியும் என்று குணசேகரனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"ஆத்தா, இந்த வருசம் முழுசாக் கேளுங்க."

"இத்தன வருசமா அரைகொறையாவா கேட்டேன்? போடுப்பா."

மூன்று பக்கம் ஓடியது. புரட்டிப் போட்டான். ஒப்பாரி வந்தது. சின்னப்பிள்ளைக்கு நெஞ்சு விம்மி வரும் நேரத்தில் 'டொக்'கென்று அடுத்த தட்டு விழுந்தது. நாடகத்தில் மகனைப் பறிகொடுத்தவள் அம்மன் சன்னதியில் மணியடித்துக் கும்பிட்டாள். இன்னொரு தட்டு விழுந்தது.

"ஆத்தா, பசிக்குது."

எத்தனையோ வருசம் கேட்ட குரல்தான். வெள்ளத்துக்கு முந்தி, என்றைக்கோ ஒருநாள் வீட்டில் சோறு கேட்கிறான் என்றே அவள் நினைத்திருந்தாள்.

"அந்தப் பய பொழச்சு வந்துட்டானா?"

"ஆமா ஆத்தா! அம்மன் திருப்பிக் குடுத்துருச்சு. நாமதான் மாத்திக் கேட்டுட்டோம்."

சின்னப்பிள்ளையின் கண் காய்ந்தே இருந்தது. "எம்புள்ளய எந்த அம்மனும் குடுக்கலையே தம்பி. இத்தன வருசமா நானும் அவளும் ஒண்ணா ஒக்காந்து அழுதோம். இப்ப அவ எந்திரிச்சு மகனுக்குச் சோறு போடப் போயிட்டா. நான் இனி யாரோட அழுகுறது?"

குணசேகரனுக்கு முகம் சுருங்கிப்போனது. "பழயபடியே போடட்டுமா ஆத்தா?"

"தெரிஞ்ச பெறகு எப்பிடிப்பா பழயபடி கேக்குறது?" மிஷின் பக்கம் திரும்பினாள். "இதுல அந்த அழுக எது?"

காட்டினான்.

"அத மட்டும் வையி. மத்த ரெண்டையும் இங்கிட்டுக் குடு."

வாங்கி மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள்.

ஒற்றைத் தட்டு விழுந்தது. ஒப்பாரி எழும்பியபோது அதற்கு மேலே இவள் குரல் எழும்பியது. அடைக்கலம், அடைக்கலம் என்று பெயர் சொல்லி அழுதாள். சிவரஞ்சனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாள். பாட்டு முடிந்தது. முள் ஒதுங்கியது. கம்பியில் வேறு தட்டு இல்லாததால் மிஷின் நின்றது. அதன் பிறகும் அவள் அழுதாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

முகத்தைத் துடைத்துக்கொண்டு மடியிலிருந்ததை எடுத்தாள்.

"பசிக்குதுன்னு கேக்குறானே, அது எதுல இருக்கு?"

"மேல உள்ளதுல, ஆத்தா."

"அதப் போட்டுவிடு. பாவம், அவன் எதுக்குப் பட்டினியாக் கெடக்கணும்?"

"நீங்க இருந்து கேக்கலையா?"

"எனக்கு பஸ்ஸு வந்துரும்" என்று எழுந்து போய்ச் செருப்பை மாட்டினாள். உள்ளே 'டொக்'கென்று தட்டு விழும் சத்தம் கேட்டது. அந்தப் பையன் சோறு கேட்டான். தாய் இலை போட்டு அவனை உட்காரச் சொல்லும்வரை வாசல் கேட்டைப் பிடித்தபடி நின்றாள் சின்னப்பிள்ளை. பிறகு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தாள்.