சைலன்சருக்குப் பஞ்சு மாற்றலாமா?

1

இந்தக் கதை மெக்கானிக் கடையில், நான் உளறிய ஒரு பதிலில் பிறந்தது. மோட்டார் சைக்கிளின் சத்தம் சரியில்லை, பழைய கனம் போய்விட்டது என்று சொன்னேன். மெக்கானிக் வண்டியைக் கிளப்பி ஒரு முறுக்கு முறுக்கினார். சைலன்சருக்குள் குழாயைச் சுற்றி வைத்திருக்கும் கண்ணாடிப் பஞ்சு கருகிவிட்டது, புதுசு வைக்கலாம் என்றார். பிறகு கேட்டார்:

"சத்தம் கூடணுமா, குறையணுமா சார்?"

"கூடணும்."

"இதுக்கு மேலயா?"

பக்கத்துக் கடைக்காரர் காதைப் பொத்திக்கொண்டு நின்றதை அப்போதுதான் பார்த்தேன்.

பஞ்சு போனால் சத்தம் கூடுமே தவிரக் குறையாதாம். என் வண்டி ஊரைக் கூட்டிக்கொண்டிருந்தது. எனக்கு மட்டும் அது எங்கோ நாலு தெரு தள்ளி ஓடுவதுபோல இருந்தது. "யோசிச்சிட்டு வரேன்" என்று மழுப்பிவிட்டு வந்துவிட்டேன்.

2

முதலில் இதை வேறு யாருடைய கதையாகவோதான் எழுதப் பார்த்தேன்.

"அவனுக்குத் தன் வண்டியின் சத்தம்தான் உயிர். தெருமுனையில் திரும்பும்போதே அந்த"

(இல்லை. எனக்குக் கேட்காதது அவனுக்கு மட்டும் எப்படிக் கேட்கும்?)

"காது மந்தமாகிக்கொண்டிருந்த ஒரு பாடகர்"

(பாடகர் என்றதுமே நீங்கள் அழத் தயாராகிவிடுவீர்கள். அது போங்காட்டம்.)

"அவன் மெய்ப்புத் திருத்துபவன்."

சரி, நான்தான் அது. அச்சுக்குப் போகும் புத்தகங்களில் பிழை பார்ப்பது என் வேலை. நாள் முழுக்க யாரும் யாரோடும் பேசத் தேவையில்லாத அறை. விட்டுப்போன ஒற்று ஒன்று பக்கத்தின் அடியில் ஒளிந்திருந்தாலும் என் கண்ணுக்குத் தப்பாது. காது விட்டுப்போய்க்கொண்டிருப்பது மட்டும் அங்கே தெரியவே இல்லை.

3

வீட்டில் எப்படிச் சமாளித்தீர்கள் என்பீர்கள். முகம் பார்த்துத்தான். என் மனைவி எதிரே நின்று பேசினால் உதடும் புருவமும் பாதியைச் சொல்லிவிடும். மீதிக்கு ஒரு "ம்" போதும். அவள் முதுகு காட்டிக்கொண்டு பேசும்போதுதான் மாட்டிக்கொள்வேன்.

"நான் சொல்றத என்னிக்காவது காதுல போட்டுக்கறீங்களா?"

கல்யாணமான ஆண்கள் எல்லாரும் வாங்கும் திட்டு என்பதால் அவளுக்குச் சந்தேகம் வரவில்லை. (இந்த உதவிக்காக உலகத்துக் கணவர்கள் அனைவருக்கும் என் நன்றி.)

4

சிரித்தது போதும். தள்ளிப்போட்டுக்கொண்டே வந்த பகுதி இதுதான்.

ஏழாவது படிக்கும் என் மகளைக் காலையில் நான்தான் பள்ளிக்குக் கூட்டிப்போகிறேன். வழி முழுக்கப் பின்னால் உட்கார்ந்து பேசிக்கொண்டே வருவாள். நான் "ம்" போட்டுக்கொண்டே ஓட்டுவேன். போன வாரம் பள்ளி வாசலில் இறங்கி ஹெல்மெட்டைக் கழற்றியபோது அவள் முகம் வெளுத்திருந்தது.

"ஏம்ப்பா ஒதுங்கவே மாட்டேன்னீங்க? லாரிக்காரன் ஹார்ன் அடிச்சுக்கிட்டே இடிக்கிற மாதிரி வந்தான். நான் கத்தினேன். உங்கள கிள்ளக்கூட கிள்ளினேன்."*

கிள்ளியது தெரியும். விளையாடுகிறாள் என்று நினைத்துச் சிரித்திருந்தேன்.

"அவனுக்குத் திமிரு. அம்மாகிட்ட சொல்லாத, பயந்துடுவா" என்றேன்.

தலையாட்டிவிட்டு உள்ளே போனாள். அவளையும் என் பொய்யில் சேர்த்துக்கொண்டேன் என்பது வீடு திரும்பும்போது உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு காலையும் அவள் ஏறி உட்கார்ந்ததும் என் முதுகு சில்லிட்டுப்போகிறது. இருந்தும் ஓட்டுகிறேன்.

*மகள் பேசியது அப்படியே இதுதான் என்று நம்பிவிட வேண்டாம். நடுவில் ஒரு வாக்கியம் எனக்குக் கிடைக்கவில்லை. அவள் தலையைக் குனிந்துகொண்டு சொன்னது அது.

5

பஞ்சை மாற்றினால் சத்தம் அடங்கி, உருண்டு, கேட்க இதமாக இருக்குமாம். தெருக்காரர்கள் வாழ்த்துவார்கள். எனக்கு வண்டி ஓடுகிறதா என்பதே தெரியாது. இப்போதே பாதி நேரம் டேங்கின் நடுக்கத்தை வைத்துத்தான் கியர் மாற்றுகிறேன். பஞ்சை மாற்றாவிட்டால், இந்தக் காட்டுக்கத்தலில் எப்படித்தான் இருக்கிறீர்கள் என்று யாராவது கேட்பார்கள், குட்டு உடையும்.

என் அலுவலகத்துக்கு எதிரிலேயே ஒரு காது மருத்துவர் இருக்கிறார். அவர் பெயர்ப்பலகையில் ஓர் எழுத்துப்பிழை இருப்பதுவரை தெரியும். உள்ளே போனதில்லை. போனால் அவர் அதற்கு ஒரு பெயர் வைத்துவிடுவார் என்று பயம்.

6

முடிவுகள்.

அ. பஞ்சை மாற்றினான். எல்லாரும் நிம்மதியாக இருந்தார்கள். (லாரி இன்னும் பின்னால்தான் வந்துகொண்டிருக்கிறது.)

ஆ. முதுகுவலி என்று சொல்லி வண்டியை விற்றுவிட்டான். (மறுபடியும் பொய்.)

இ. மனைவியைக் கூப்பிட்டு உட்காரவைத்தான். "இந்தா பாரு, எனக்குக் கொஞ்ச நாளாவே"

(திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்துவிட்டேன். இதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டேன் என்கிறான்.)

7

நான் எழுதுவதை முதலில் படிப்பவள் என் மனைவிதான். இன்று காலை, ஒன்றிலிருந்து ஆறுவரையிலான தாள்களை அடுப்பு மேடையில், உப்பு ஜாடிக்கு அடியில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். சொல்ல வராததால்தான் எழுதினேன் என்பது இப்போது உங்களுக்குப் புரிந்திருக்கும். அவள் அவற்றைப் படித்துக்கொண்டிருக்கும்போதே, இந்தப் பகுதியைக் கூடத்து மேசையில் எழுதுகிறேன்.

மகள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வாசலில் வண்டிப் பக்கம் நிற்கிறாள். பள்ளிக்கு நேரமாகிவிட்டது. சாவி என் முன்னால் இருக்கிறது. நான் எடுக்கவில்லை.

இங்கிருந்து மனைவியின் முதுகு மட்டும் தெரிகிறது. மூன்றாவது பகுதிக்கு லேசாகச் சிரித்தாள், தோள் குலுங்கியது. நான்காவதில் அடுப்பை அணைத்தாள். அந்தத் தாளை மட்டும் கீழே வைத்துவிட்டு மறுபடி எடுத்தாள். இப்போது கடைசித் தாளையும் முடித்துவிட்டாள். திரும்பவில்லை. காதுக்குக் கீழே தாடை அசைகிறது. ஏதோ சொல்கிறாள். வழக்கமான திட்டைவிட நீளமாக இருக்கிறது. சுவரைப் பார்த்துச் சொல்கிறாள்.

நீங்கள் அவள் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். அவள் சொன்னதைக் கீழே எழுதிக் கொடுங்கள். முடியாதென்றால் என் முகத்துக்கு நேரே வந்து, கொஞ்சம் நிதானமாகச் சொல்லுங்கள். இந்தத் தடவை நான் "ம்" போடமாட்டேன்.

"                                                "