அளவுத்திட்டம் இல்லாத காற்று

அந்தக் கடலோர ஊருக்கான காற்றை எட்டாம் வகுப்பு 'ஆ' பிரிவுதான் வரைந்து கொடுக்கும். தினமும் மூன்றாம் பீரியட், கணக்கு வகுப்பில். வரைபடத்தாளில் மறுநாளுக்கு எங்கே புள்ளி விழுகிறதோ, காற்று அப்படியே அடிக்கும். வானிலை அலுவலகம் என்றும் ஒன்று உண்டு. அவர்களும் இங்கே வந்துதான் பார்த்து எழுதிக்கொண்டு போவார்கள்.

புதன்கிழமை ஜெனோவாவின் முறை. காலையில் அவள் அப்பா லூர்தையா சொன்னார்: "மக்கா, நாளைக்கு நானும் சித்தப்பாவும் மாமாவும் கடலுக்குப் போறோம். காத்தைக் கொஞ்சம் பாத்துப் போடு."

"பன்னெண்டு கிலோமீட்டர் போதுமாப்பா?"

"தாராளம்."

எக்ஸ் அச்சில் நாள், ஒய் அச்சில் காற்றின் வேகம். ஒரு சென்டிமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று மனசுக்குள் கணக்குப் போட்டு, ஆறாவது சென்டிமீட்டரில் வியாழனுக்குப் புள்ளி வைத்தாள். அழகான புள்ளி. வாழ்க்கையில் எதையுமே அவள் அவ்வளவு அழகாகச் செய்ததில்லை, பாவம். மணி அடித்தது. தாளை நீட்டினாள்.

தேவகிருபை டீச்சர் தாளின் வலது மேல் மூலையைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை.

"அளவுத்திட்டம் எங்கட்டி?"

"மறந்துட்டேன் டீச்சர். இப்ப எழுதித் தாரேன்."

"மணி அடிச்சாச்சுல்லா."

"அப்போ காத்து எவ்வளவு அடிக்கும்?"

"ஆறு சென்டிமீட்டர்."

"அப்படின்னா?"

"அதை அது பாத்துக்கிடும்." டீச்சர் ஒரு மார்க்கைக் குறைத்தார்.

தாளைத் திருத்தித் தரச் சொல்லிக் கேட்க ஜெனோவா ஆபீசுக்கு ஓடினாள். வராந்தா அன்று ஆறு சென்டிமீட்டர் நீளம்தான். அதற்கும் அளவு எழுதியிருக்கவில்லை. சாயங்காலம் வரை நடந்தாள்.

"திருத்தணும்னா காத்து கையெழுத்துப் போடணும்" என்றார் கிளார்க்.

வீட்டுக்கு வந்து அழுதுகொண்டே சொன்னாள். அப்பா சிரித்தார். "ஆறுதானே? பன்னெண்டுக்கே போறவன் ஆறுக்குப் போகமாட்டனா?"

"வெறும் ஆறுப்பா. என்ன ஆறுன்னு யாருக்கும் தெரியாது."

"பன்னெண்டவிட ஆறு கம்மி. எனக்கும் கணக்குத் தெரியும்."

வியாழக்கிழமை காற்று தனக்குப் பிடித்த அளவை எடுத்துக்கொண்டது. பள்ளிக்கூடக் கொடிக்கம்பம் செங்கோணத்தை விட்டுவிட்டது. கோயில் கோபுரத்தின் உச்சியில் சிலுவையைக் காணோம்.

வெள்ளிக்கிழமை, கரை திரும்பியவர்களை வரைய வேண்டும். வீட்டுக்காரர்கள்தான் வரைய வேண்டும் என்பது விதி. சித்தப்பா வந்திருந்தார். மாமா வந்திருந்தார்.

"டீச்சர், மூணுன்னு வச்சுக்கிடட்டுமா?"

"காத்தத்தான் நாம போடலாம். ஆளக் கடல்தான் சொல்லணும்."

ஜெனோவா பென்சிலை எடுத்தாள். முதல் வேலையாக வலது மேல் மூலையில் எழுதினாள்: 'ஒய் அச்சு, 1 செ.மீ. = 1 ஆள்.' வியாழன், போனவர்கள் மூன்று. வெள்ளி, வந்தவர்கள் இரண்டு. இரண்டு புள்ளிகளையும் ஸ்கேல் வைத்து இணைத்தாள். கோடு ஒரு சென்டிமீட்டர் இறங்கியது.

டீச்சர் வலது மேல் மூலையைப் பார்த்தார். பத்துக்குப் பத்து போட்டார்.