கருப்பு மாமாவை யாரும் ‘வாங்க’ சொல்லவில்லை

சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னை எழுப்ப இந்த வீட்டில் யாருக்கும் துணிச்சல் கிடையாது. வாரம் முழுக்க ஆஸ்பத்திரி ஃபார்மசியில் நின்றே காலம் தள்ளுகிறவள் நான். சனிக்கிழமைத் தூக்கம் என் சொத்து. அன்றைக்கு என் மகள் இஸ்ரத் போர்வையை உருவிக்கொண்டு, “அம்மா, கெட் அப், இட்ஸ் ரோபோ டே” என்றாள். கண்ணைத் திறந்தால் பக்கத்தில் என் வீட்டுக்காரர் அல்தாப், குளித்துத் தலை சீவி புது மாப்பிள்ளை கணக்காக நிற்கிறார். இரண்டு பேர் டீ-சர்ட்டிலும் சிவப்பு ரோபோ. பதினொரு வயதுப் பிள்ளைக்கு அது அழகுதான். நாற்பத்திரண்டு வயது டெலிகாம் மேனேஜருக்கு வயிற்றுப் பக்கம் ரோபோ கொஞ்சம் மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

டெக்ஸஸ் ரிச்சர்ட்சனில் எங்கள் வீட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் யூனிவர்சிட்டியில் அன்றைக்குப் பழைய கார்ட்டூன் திருவிழா. அதிலும் ஸ்டெல்லாராக்ஸுக்கென்றே ஒரு தனி ஹால். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இந்த நாட்டுப் பிள்ளைகள் சனிக்கிழமை காலைகளில் டிவிக்கு முன்னால் சப்பணமிட்டு உட்கார்ந்து பார்த்த ராட்சத ரோபோக் கதை அது. இப்போது தேடினால் அந்த ரோபோ பொம்மைகளின் ஃபோட்டோக்களும் அரை நிமிஷத் துண்டுக் காட்சிகளும்தான் கிடைக்கும். எங்கள் வீட்டுக்கு அதுவும் தேவைப்பட்டதில்லை. இஸ்ரத் சின்னப் பிள்ளையாக இருந்தபோதிருந்து தூங்கப் போகுமுன் அல்தாப் சொன்ன ஒரே கதை அதுதான்.

கதை எனக்கே மனப்பாடம். சிவப்பு ரோபோ ஹீரோ. மஞ்சள் குட்டி ரோபோ அவன் தங்கை. வானத்திலிருந்து வரும் கருப்பு ரோபோ அவர்களுக்குத் தாய்மாமன். ஒரு விசேஷத்துக்கு முதுகில் பெரிய பெட்டியோடு வந்த மனுஷனை வாசலில் யாரும் ‘வாங்க’ என்று சொல்லவில்லை. பிடித்தது கோபம். அதிலிருந்து ஒவ்வொரு வாரமும் அதே பெட்டியோடு வருவார். “நான் வந்திருக்கேன். யாராவது வாங்கன்னு சொன்னீங்களா?” என்று கேட்பார். சொல்ல மாட்டார்கள். கட்டடங்களை உதைத்துத் தள்ளிவிட்டுப் போவார். அந்த வசனத்தை அல்தாப் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னால், இஸ்ரத் தலையணையைக் கட்டிக்கொண்டு சிரிப்பாள்.

ஹாலுக்குள் நுழைந்ததும் எனக்கே தூக்கம் போய்விட்டது. நடுவில் பதிமூன்று அடி உயரத்தில் நிஜமான சிவப்பு ரோபோ நின்றது. எஞ்சினியரிங் மாணவர்கள் அலுமினியத்தில் செய்தது. நெஞ்சுக்குள் ஒருவர் உட்கார இடம், பெல்ட், இரண்டு ஜாய்ஸ்டிக், பேச ஒரு மைக். ஆள் உள்ளேயிருந்து கையை ஆட்டினால் ரோபோவும் கையை ஆட்டும். காலுக்கடியில் சக்கரம் வைத்து நடக்கவும் செய்யும். அன்று இரண்டு போட்டிகள். காலையில் வினாடி வினா, மதியம் இன்னொன்று. ஒவ்வொன்றிலும் ஜெயிக்கிற அணியில் ஒருவருக்கு ரோபோவில் ஏறி ஒரு சுற்று வர உரிமை. அதற்கு நாலரை அடி உயரம் வேண்டும் என்று அறிவித்ததிலிருந்து இஸ்ரத் தினமும் ஃப்ரிட்ஜில் முதுகை ஒட்டி நின்று என்னை அளக்கச் சொன்னாள். அந்தப் பிள்ளைக்கு வேறு எதன் மேலும் நான் இவ்வளவு ஆசை பார்த்ததில்லை.

வினாடி வினாவை நடத்தியவர் டக் என்று ஒரு பெரியவர். வெள்ளைத் தலைமுடியைக் குடுமி போட்டிருந்தார். முதல் கேள்வியே எங்கள் வீட்டுக் கேள்விதான். கருப்பு ரோபோ முதன்முதலில் ஏன் பூமியைத் தாக்கியது?

கேள்வி முடியுமுன் இஸ்ரத் மணியை அடித்தாள். மைக்கைப் பிடித்துக்கொண்டு கணீரென்று இங்கிலீஷில் சொன்னாள். அவர் இவர்களுக்குத் தாய்மாமன், விசேஷத்துக்குப் பரிசோடு வந்தார், யாரும் வாங்க சொல்லவில்லை, அதனால் கோபம்.

ஹாலே சிரித்தது பாருங்கள். முன்வரிசையில் ஒரே மாதிரி கருப்பு ஜாக்கெட் போட்ட மூன்று தாடிக்காரர்கள் மேஜையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்கள். டக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “ஐ லவ் இட், ஆனா இல்லை கண்ணு” என்கிற மாதிரி எதையோ சொன்னார். கருப்பு ரோபோ வேறு கிரகத்துச் சக்கரவர்த்தியாம். பெயர் நாக்ஸரானாம். பூமிக்குள் இருக்கும் ஏதோ படிகத்தைத் திருட வந்தவராம். தாடிக்காரர்கள் கடகடவென்று எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முதல் போட்டியைத் தட்டிக்கொண்டு போனார்கள்.

வெளியே மர நிழலில் தக்காளிச் சோற்று டப்பாவைத் திறந்தேன். யாரும் கை வைக்கவில்லை.

“யூ மேட் இட் அப், அத்தா?” என்றாள் இஸ்ரத். “ஆல் ஆஃப் இட்?”

அல்தாப் முகத்தில் ஈயாடவில்லை. அவருக்கும் அது அன்றைக்குத்தான் தெரிந்திருக்கிறது. “இல்லம்மா. நான் பாத்தேன். கண்ணால பாத்தேன்.”

எனக்குப் பொறி தட்டியது. “எந்த பாஷைல பாத்தீங்க மச்சான்?”

“தூர்தர்ஷன்ல. ஞாயித்துக்கிழமை. ஹிந்தில.”

“உங்களுக்கு ஹிந்தி தெரியுமா?”

“தெரியாது.”

முஸ்லிம் என்றால் உருதும் ஹிந்தியும் தாய்ப்பாலோடு வந்துவிடும் என்று இங்கே பல பேர் நினைக்கிறார்கள். அல்தாப்பின் ஆபீஸில் டெல்லிக்காரர் ஒருவர் இன்னமும் இவரிடம் ஹிந்தியில் ஜோக் சொல்லிவிட்டு, சிரிப்பு வருமென்று காத்திருப்பார். கம்பத்து ராவுத்தர் வீட்டில் நாங்கள் தமிழில்தான் சண்டை போடுவோம், தமிழில்தான் சமாதானம் ஆவோம். ஏழு வயசுப் பையன் புரியாத பாஷையில் ஓடிய படத்துக்குத் தானே கதை கட்டியிருக்கிறான். அந்த வருஷம்தான் இவர் அக்கா கல்யாணத்தில் பெரிய மாமா, பந்தலில் யாரும் கவனிக்கவில்லை என்று சீர்ப் பெட்டியோடு திரும்பி பஸ் ஏறிப் போனார். பையனுக்கு உலகத்தில் தெரிந்த பெரிய சண்டை அதுதான். முப்பத்தைந்து வருஷமாக அதையே நம்பி, என் மகளையும் நம்ப வைத்து, என்னையும் நம்ப வைத்திருக்கிறார் இந்த மனுஷன். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளையின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டேன்.

“எவ்ரிபடி லாஃப்ட் அட் மீ,” என்றாள். குரல் உடைந்தது. “இனிமே உங்க ஸ்டோரி எனக்கு வேண்டாம்.”

கோபத்தில்தான் அவளுக்குத் தமிழ் வரும். எழுந்து உள்ளே போய் ரோபோவின் காலருகே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றுவிட்டாள். அல்தாப் டப்பாவை மூடினார். “லுஹர் தொழுதுட்டு வந்துடறேன்” என்று கார் பக்கம் நடந்தார். அந்தச் சிவப்பு டீ-சர்ட் கார்களுக்கு நடுவே மறையும் வரை பார்த்துக்கொண்டு நின்றேன். ஆயிரம் கிண்டல் செய்வேன், ஆனால் என் மச்சானைப் பார்த்து ஒரு ஹாலே சேர்ந்து சிரித்தால் எனக்குப் பொறுக்காது.

மதியம் அல்தாப் திரும்பி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்ததும், டக் மேடையேறி ஒரு சங்கதி சொன்னார். ஸ்டெல்லாராக்ஸ் பாதியிலேயே நின்றுபோன தொடர். கடைசி எபிசோடைப் படமாக எடுத்துவிட்டார்கள், ஒளிபரப்பவில்லை. யார் வீட்டுப் பரணிலோ இப்போது ஃபிலிம் சுருள் கிடைத்திருக்கிறது. படம் இருக்கிறது, சத்தம் இல்லை. வசனம் என்ன என்று உயிரோடு இருக்கும் யாருக்கும் தெரியாது. அதன் கடைசிக் காட்சிக்கு மேடையில் நின்று குரல் கொடுக்க வேண்டும். கைதட்டல்தான் தீர்ப்பு. முதலில் ஒருமுறை எல்லோரும் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

விளக்கை அணைத்தார்கள். ஊமைப் படம் ஓடியது.

கருப்பு ரோபோ வருகிறது, முதுகில் பெட்டி. கோட்டை வாசல் அகலத் திறந்து கிடக்கிறது. அது உள்ளே வராமல் வாசலிலேயே நிற்கிறது. சிவப்பு ரோபோ வாளைக் கீழே வைத்து, நாலு எட்டு முன்னால் போய், கையை உள்பக்கம் நீட்டுகிறது. கருப்பு தலையைக் குனிந்து உள்ளே வந்து, மண்டியிட்டு, பெட்டியைத் திறக்கிறது. உள்ளே ஒரு சின்ன மகுடம். அதை எடுத்து மஞ்சள் குட்டியின் தலையில் வைக்கிறது. குட்டி சுற்றிச் சுற்றி ஆடுகிறது.

அல்தாப் என் கையை நெரித்தார். “மெஹரு, பாத்தியா? பாத்தியா? சீர்டி அது.”

நான் பதில் சொல்வதற்குள் இருட்டில் யாரோ நாற்காலிகளை இடித்துக்கொண்டு ஓடி வந்தார்கள். இஸ்ரத். மூச்சு வாங்கியது. “அத்தா, ஹி இஸ் வெயிட்டிங் அட் த டோர். அவங்க வாங்க சொல்லணும்னு வெயிட் பண்றார்.”

“ஆமாம்மா.”

“தென் கம் ஆன்.” அவர் கையைப் பிடித்து இழுத்தாள். கூடவே என்னையும்.

தாடிக்காரர்கள் முதலில் ஏறினார்கள். குரல் என்றால் குரல், இடி மாதிரி. ஆனால் சக்கரவர்த்தி ஏன் வாசலில் நிற்கிறார் என்று அவர்களுக்குப் பிடிபடவில்லை. பெட்டிக்குள் வெடிகுண்டு என்று மிரட்டினார்கள். திறந்தால் மகுடம். சரி, அது மூளையை அடக்கும் இயந்திரம் என்று மாற்றினார்கள். குட்டியோ ஆட ஆரம்பித்துவிட்டது. ஒரு தாடி, “நோ, டோன்ட் டான்ஸ்” என்று கெஞ்சியது. ஜனம் நெளிந்தது. அடுத்து வந்தவர்களும் அதே வாசலில் போய் முட்டிக்கொண்டார்கள். மனப்பாடம் செய்த வசனம் நிறைய இருந்தவர்களுக்குப் படம் கண்ணில் படவில்லை. அல்தாப் அந்தத் தொடரை என்றைக்கும் படமாக மட்டுமே பார்த்தவர்.

எங்கள் முறை வந்தது. காலையில் சிரித்தவர்கள் எங்களை அடையாளம் கண்டு இப்போதே சிரிக்கத் தயாரானார்கள். அல்தாப் சிவப்பு. இஸ்ரத் கருப்பு, அதில் பேச்சுக்கே இடமில்லை. எனக்கு மஞ்சள் குட்டி. ஃபார்மசியில் பன்னிரண்டு பேரை மேய்க்கிற எனக்குக் கீச்சுக் குரல் வேஷம்.

படம் ஓடியது. கருப்பு வாசலில் வந்து நின்றது. இஸ்ரத் இங்கிலீஷில் தொடங்கினாள். “ஐ ஹேவ் கம்...” அப்புறம் நின்றுவிட்டாள். மைக்கை இறக்கி அத்தாவைப் பார்த்தாள். பிறகு அல்தாப் மாதிரியே தொண்டையைச் செருமிக்கொண்டு, அடிவயிற்றிலிருந்து சொன்னாள்.

“நான் வந்திருக்கேன். யாராவது வாங்கன்னு சொன்னீங்களா?”

ஹாலில் யாரும் சிரிக்கவில்லை. ஒரு வார்த்தை புரிந்திருக்காது, ஆனால் வாசலில் ஏன் நிற்கிறார் என்று எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சிவப்பு ரோபோ வாளைக் கீழே வைத்தது. அல்தாப் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். “வாங்க மாமா. வாங்க. எத்தனை வருஷமா உங்களுக்காக வாசலைத் திறந்தே வெச்சிருக்கோம். உள்ள வாங்க.”

கருப்பு தலையைக் குனிந்த அதே நேரத்தில் இஸ்ரத், “இதைக் கேக்கத்தாண்டா இத்தனை தடவை வந்தேன்” என்றாள். அது அல்தாப்பின் கதையிலேயே கிடையாது. அவளே கட்டியது. மகுடம் தலையில் ஏறியதும் நான் கூச்சத்தையெல்லாம் தூக்கி எறிந்துவிட்டு, “மாமா, எனக்கா? எனக்கே எனக்கா?” என்று கீச்சிட்டு மேடையில் ஒரு சுற்று சுற்றியும் வந்தேன்.

விளக்கு எரிந்தது. முதலில் எழுந்து நின்றவர்கள் அந்த மூன்று தாடிக்காரர்கள்தான். அப்புறம் ஹால் முழுக்க எழுந்துவிட்டது. கைதட்டல் அளக்கிற கருவியை டக் பார்க்கவே இல்லை. நேராக வந்து, இஸ்ரத் சொன்னதற்கும் அல்தாப் சொன்னதற்கும் அர்த்தம் கேட்டார். இஸ்ரத் விளக்கினாள். அவர் மைக்கில் அதை எல்லோருக்கும் சொல்லி, “வாங்க” என்று ஒருதரம் சொல்லிப் பார்த்தார். நாக்கு கொஞ்சம் உருண்டது, ஆனால் மரியாதை இருந்தது.

இஸ்ரத்தை ஏணி வைத்து ஏற்றினார்கள். பெல்ட்டை மாட்டினார்கள். ரோபோவின் கண்கள் எரிந்தன. அவள் அத்தாவிடம் சாரியும் சொல்லவில்லை, சமாதானமும் பேசவில்லை. ஏறுகிற அவசரத்தில் எங்களைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அல்தாப் கூட்டத்தின் ஓரத்தில், டீ-சர்ட்டை இழுத்து விட்டுக்கொண்டு நின்றார். ரோபோ ஒரு கையைத் தூக்கியது, அடுத்த கையைத் தூக்கியது, கரகரவென்று நகர்ந்தது. பிள்ளைகள் முன்னாலும் பின்னாலும் ஓடினார்கள். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கூடவே ஓடினேன்.

முக்கால் சுற்று போன ரோபோ பாதையை விட்டு விலகியது. மாணவர்கள் பதறினார்கள். அது நேராக அல்தாப் முன்னால் வந்து நின்றது. மாடி உயரச் சிவப்பு உடம்பு, எதிரே சிவப்பு டீ-சர்ட்டில் என் வீட்டுக்காரர். ஸ்பீக்கர் கரகரத்தது. தொண்டையைச் செருமும் சத்தம்.

“நான் வந்திருக்கேன்.”

டக் ஆரம்பித்தார், தாடிக்காரர்கள் சேர்ந்துகொண்டார்கள், அப்புறம் மொத்த ஹாலும். “வாங்க! வாங்க!” டெக்ஸஸ்காரர்கள் வாயில் அந்த வார்த்தை என்னென்னவோ ஆனது. ரோபோ அசையவில்லை. அது கேட்டது அவர்களிடம் இல்லை.

அல்தாப் வாயைத் திறந்தார். உதடு அசைந்தது, சத்தம் வரவில்லை. இன்னொரு முறை முயன்றார், வரவில்லை. அன்றைக்கு எனக்குப் பழகிப்போன வேலைதானே. பக்கத்தில் போய் நின்று, அவர் உதட்டைப் பார்த்து நான் குரல் கொடுத்தேன்.

“வாங்க மாமா. உள்ள வாங்க.”