ஆறு ஸ்பேடுக்கு ஒரு டபுள்

சிங்கப்பூரில், காத்தோங்கில் இருக்கும் நண்பர் வீட்டிலிருந்து மனைவியோடு பஸ்ஸில் திரும்பிய செல்லக்கண்ணு, சட்டையை ஆணியில் மாட்டியபடியே அன்றைய பிரிட்ஜ் ஆட்டத்தைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். எதிராளிகள் ஸ்லாம் கேட்டார்கள். பதின்மூன்றில் பன்னிரண்டு பிடி எடுப்பதாகப் பந்தயம். அவர் மனைவி சிவகாமசுந்தரி டபுள் சொன்னாள். வழக்கமான சீட்டை விட்டு வேறு இனத்தை இறக்கு என்று அதற்கு அர்த்தம். இறக்கினார், எதிராளிகள் தோற்றார்கள்.

“அந்த டபுள் நம்ம ரெண்டு பேருக்கு மட்டும்தான் புரியும், சிவகாமி.”

அவள் உலை வைக்கப் போய்விட்டாள். மறுநாள் காலை வேலைக்குப் போகும் வழியில் அவர் விழுந்தார். எழவில்லை. அது 1959.

சில மாதம் கழித்து, அந்தக் காத்தோங் வீட்டு ஜைனப் வந்து, நாலாவது ஆள் இல்லாமல் மேசை சும்மா கிடக்கிறது என்றாள். மறுத்துப் பேசவும் அலுப்பாக இருந்ததால் சிவகாமி கிளம்பினாள். ஜைனப்பும் அவள் கணவர் இப்ராஹீமும் ஒரு கட்சி. சிவகாமிக்குத் துணை அப்துல் அலீம். முன்பெல்லாம் ஜைனப்புக்கு அடுப்படி வேலை இருந்தால், இப்ராஹீமோடு சேர்ந்து சிவகாமியையும் செல்லக்கண்ணுவையும் எதிர்த்து ஆடியவர்.

இப்ராஹீம் ஆறு ஸ்பேடு கேட்டார்; ஸ்பேடைத் துருப்பாக வைத்துப் பன்னிரண்டு பிடி, அதே ஸ்லாம். அலீமும் ஜைனப்பும் பாஸ் சொல்ல, சிவகாமியின் முறை வந்தது. அவள் கையில் கிளாவர் ஏஸ் இருந்தது. டைமண்ட் ஒன்றுகூட இல்லை. அலீம் முதலில் டைமண்ட் இறக்கினால் துருப்பால் வெட்டலாம்; ஏஸோடு இரண்டு பிடி, ஸ்லாம் உடையும். ஆனால் அவள் முன்பே ஹார்ட் கேட்டிருந்தாள். சும்மா விட்டால் அவர் ஹார்ட்தான் இறக்குவார்.

பாஸ் சொன்னால் ஓர் ஆட்டம் போகும், அவ்வளவுதான். டபுள் சொல்லி அலீமுக்குப் புரிந்துவிட்டால், செல்லக்கண்ணு கடைசியாகச் சொல்லிவிட்டுப் போனது பொய்யாகிவிடும். சீட்டுகளைப் பிடித்திருந்த விரல்கள் வலித்தன. எத்தனை நாள்தான் ஒன்றைப் பொத்திப் பொத்தி வைத்திருப்பது?

“டபுள்.”

அலீம் தாடையைத் தடவிக்கொண்டு யோசித்தார். பிறகு டைமண்டை இறக்கினார்.

அவள் வெட்டினாள், ஏஸைப் போட்டாள். இப்ராஹீம் கைச்சீட்டைக் கவிழ்த்துவிட்டு, டைமண்ட் இறக்க எப்படித் தெரிந்தது என்று அலீமைக் கேட்டார்.

“இந்த மேசையில இதுக்கு எத்தனை தடவை அடி வாங்கியிருக்கோம் லா? அக்கா டபுள் சொன்னா அண்ணன் என்னத்த இறக்குவாருன்னு அவருக்கு முன்னாடியே நமக்குத் தெரியுமே.”

இப்ராஹீம் சிரித்தார். சிவகாமியின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

“யாருக்கும் தெரியாதுன்னு நெனச்சிட்டிருந்தாரு,” என்றாள் அவள்.

ஜைனப் தேநீர் போட எழுந்தாள். இப்ராஹீம் ஆட்டக் கணக்கை எழுதினார். கணக்கில் ஆளுக்குப் பெயர் கிடையாது, உட்காரும் திசைதான்: சிவகாமி தெற்கு. செல்லக்கண்ணு உட்கார்ந்திருந்த எதிர் நாற்காலிக்கு அன்றும் வடக்கு என்றுதான் எழுதினார்.