ரெண்டு பஸ் தள்ளி ஒரு டாக்டர்

மயங்கி விழுந்தவளைத் தூக்குவதற்கு முன் அம்மா ஜன்னலைச் சாத்தினாள்.

தையல் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே சரிந்து கிடந்தாள் மகள். வயது இருபத்தாறு. மாதத்தில் இருபது நாள் ரத்தப்போக்கு. இது ஐந்தாவது மாதம். கண்டக்டர் அப்பா முகத்தில் தண்ணீர் தெளித்தார். கண் திறந்ததும் அவள், தைத்துக்கொண்டிருந்த துணியில் தண்ணீர் பட்டுவிட்டதா என்று கேட்டாள்.

"கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்," என்றார் அப்பா. "நம்ம தெருவிலேயே இருக்காங்க. நாலு வீடு தள்ளி, மருந்துக்கடை மாடி."

"மெதுவாப் பேசுங்க!" அம்மாவின் குரல் பல்லுக்குள்ளிருந்து வந்தது. "அந்த போர்டுல என்ன போட்டிருக்கு? மகப்பேறு! கல்யாணம் ஆகாத பொண்ணு அந்தப் படி ஏறினா, இறங்கறதுக்குள்ள எட்டு மாசம்னு சொல்லிடுவாங்க. எதிர்வீடு வேற யாரு? தரகரம்மா. அடுத்த மாசம் பொண்ணு பாக்க வர்றாங்க, ஞாபகம் இருக்கா?"

"மகளிர் நலம்னும் போட்டிருக்கும்மா," என்றாள் மகள், தரையில் இருந்தபடியே.

"அது சின்ன எழுத்து."

அன்றிலிருந்து டாக்டர் தேடும் படலம் தொடங்கியது. பெண் டாக்டராக இருக்க வேண்டும். இந்த ஊர் கூடாது. மாப்பிள்ளை வீட்டார் ஊர் கூடாது. அவர்கள் மூத்த பெண்ணைக் கொடுத்திருக்கும் ஊரும் கூடாது. இத்தனை சல்லடையிலும் சலித்து, "என் சிநேகிதி பொண்ணுக்கு" என்று அம்மா ஒன்பது பேரிடம் போனில் விசாரித்தாள். ஒன்பது பேரும் யோசிக்காமல் ஒரே விலாசத்தைச் சொன்னார்கள். அவர்களும் யாரோ சிநேகிதிக்காக விசாரித்து வைத்திருந்தார்களாம்.

ரெண்டு பஸ் மாற வேண்டும். இரண்டரை மணி நேரம். வெள்ளிக்கிழமை காலை, பாதி வழி நின்றுகொண்டும் மீதி வழி கம்பியில் தலை சாய்த்துக்கொண்டும் மகள் போய்ச் சேர்ந்தாள். சந்துக்குள் ஒரு வீடு. போர்டுகூட இல்லை. அம்மாவுக்கு அதுவே பெரிய நிம்மதி.

"கணவர் பேரு?" என்றாள் சீட்டு எழுதும் நர்ஸ்.

அம்மா வாயில் வந்த ஒரு பெயரைச் சொன்னாள். "வெளியூர்ல வேலை," என்று கேட்காததையும் சேர்த்துச் சொன்னாள்.

"மாப்பிள்ளை எப்படிம்மா, நல்ல உயரமா?" என்று மகள் காதோடு கேட்டாள்.

"வாய மூடிட்டு உக்காரு."

உட்காரத் திரும்பியபோதுதான் அம்மா பார்த்தாள். முதல் பெஞ்சில் அவர்கள் தெருத் தபால்காரர் மனைவி. அடுத்ததில் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியை. மூலையில், ஸ்கேன் கவரால் முகத்தை மறைத்தபடி, தரகரம்மா. பக்கத்தில் அவள் மகள், வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

"பல்லு வலி, அதான் வந்தோம்," என்று தரகரம்மா முந்திக்கொண்டாள்.

"எங்களுக்கும் பல்லுதான்," என்றாள் அம்மா.

தலைமை ஆசிரியை மின்விசிறியைப் பார்த்தாள். பல் என்ற காரணம் தீர்ந்துவிட்டது.

டாக்டர் அறைக்குள் நுழைந்த அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். உள்ளே இருந்தது மருந்துக்கடை மாடி டாக்டர்.

"வாங்க, உக்காருங்க," என்றார் டாக்டர், சிரித்துக்கொண்டே. "அங்க நாள் பூரா ஈ ஓட்டிட்டிருந்தேன். நம்ம தெரு பொம்பளைங்க எல்லாம் இங்க பஸ் ஏறி வர்றாங்கன்னு அப்புறம்தான் தெரிஞ்சது. இங்க இருந்தவங்க ரிட்டயர் ஆனதும், செவ்வாயும் வெள்ளியும் நானும் பஸ் ஏறிடறேன்." பிறகு சீட்டைப் பார்த்தார். "ஏம்மா, கல்யாணமா? போன வாரம் என் கோட்டுக்கு அளவு எடுத்தியே, அப்பக்கூடச் சொல்லலையே?"

"எனக்கே இப்பத்தான் கவுன்ட்டர்ல தெரிஞ்சது டாக்டர்."

டாக்டர் அந்தப் பெயரைப் பேனாவால் ஒரே கோடாக அடித்தார். பிறகு கேள்விகளை மகளிடம் மட்டுமே கேட்டார். ஸ்கேன் எடுத்தார்கள். கர்ப்பப்பையில் சின்னக் கட்டி. பயமில்லை, மாத்திரைக்கு அடங்கும். ஆனால் உடம்பில் ரத்தம் பாதிதான் இருந்தது.

"ஒரு மாசம், வாரத்துக்கு ரெண்டு இரும்புச்சத்து ஊசி," என்றார் டாக்டர். "இந்த நிலைமைல இவ்வளவு தூரம் வரக்கூடாது. நடுவழியில விழுந்தா யாரு பாக்கறது?"

"கார் வெச்சு வந்துடறோம் டாக்டர்," என்றாள் அம்மா.

"வேண்டாம். மாடிக்கே வர்றேன்," என்றாள் மகள்.

"இருட்டினப்புறமா போலாம்டி," என்று அம்மா பேரம் பேசினாள்.

"காலைல பத்து மணிக்கு."

திங்கட்கிழமை பத்து மணிக்குத் தெருவில் பால்காரர், காய்கறி வண்டி, தண்ணீர்க் குடங்கள், எல்லோரும் இருந்தார்கள். வெள்ளிக்கிழமை அவளைப் பார்க்காதவள் போலத் தரகரம்மா வாசலிலிருந்து குரல் கொடுத்தாள்:

"எங்கேம்மா கிளம்பிட்டே?"

"டாக்டர்கிட்ட அத்தை. ரத்தப்போக்கு நிக்க மாட்டேங்குது. ஊசி போட்டுக்கணும்."

கடையில் நூல்கண்டு கேட்கிற அதே குரலில் சொன்னாள். காய்கறி வண்டிக்காரர் தராசைத் துடைக்கத் தொடங்கினார். அவள் மருந்துக்கடை மாடிப்படியின் கைப்பிடியைப் பற்றி, நடுவில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, மேலே போய்விட்டாள்.

மூன்றாவது ஊசி போட்ட அன்று தரகரம்மா வீட்டுக்கு வந்தாள். சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தாள் அம்மா.

"மாப்பிள்ளை வீட்டுல ஏதாவது கேட்டா, சும்மா சத்து ஊசின்னு சொல்லிடறேன்," என்றாள் தரகரம்மா.

"என்ன ஊசின்னு நானே சொல்லிடறேன் அத்தை. கேட்டுட்டு வர்றவங்க வரட்டும்," என்றாள் மகள். அப்பா பேப்பருக்குப் பின்னால் இருமினார். அது சிரிப்பு.

தரகரம்மா எழுந்திருக்கவில்லை. புடவைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். கடைசியில் குரலைத் தாழ்த்தினாள்.

"எங்க பொண்ணு வலியில துடிக்கறா. பஸ்ல கூட்டிட்டுப் போக முடியல. நீ அடுத்த தடவை போறப்ப உன்கூட அனுப்பட்டுமா? யாராவது கேட்டா, உனக்குத் துணைக்கு வந்ததா இருக்கட்டும்."

"கண்டிப்பா கூட்டிட்டுப் போறேன் அத்தை," என்றாள் அவள். "ஆனா துணைக்கு வர்றது நான். சீட்டு அவ பேர்ல."