இருவர் இருந்தால் விளையாடலாம்

எங்கள் பொது நூலகத்தின் பின்னறையில் எட்டுக் கணினித் திரைகள் உள்ளன. எட்டும் ஒரே சர்வரோடு பிணைக்கப்பட்டவை. திங்களன்று அவ்வறைக் கதவில் ஓர் அறிவிப்பு ஒட்டப்பட்டிருந்தது. விளையாட்டுகள் பகல் பதினொன்று முதல் பன்னிரண்டு வரை மட்டுமே. அப்போதும் உள்நுழைந்தோர் இருவருக்கு மேற்பட்டால் விளையாட்டு தானே மூடிக்கொள்ளும். அவ்வறிவிப்பில் மூன்று ஒற்றுப்பிழைகள் இருந்தன. அவற்றை மன்னித்தேன். அதிலிருந்த அநியாயத்தை மன்னிக்க என்னால் இயலவில்லை.

காரணம், மூன்றாம் திரையில் அமரும் மாஸ்டரம்மா. ஆயத்த ஆடை ஆலையில் துணி வெட்டும் பிரிவு அவர் பொறுப்பில் இருந்தது. பக்கவாதம் அவருடைய வலக்கையை முடக்கியது. சீட்டுகளைச் சுட்டியால் இழுத்து அடுக்கும் விளையாட்டை நாள்தோறும் ஒரு மணி நேரம் ஆடச் சொல்லியிருந்தார் இயன்முறை மருத்துவர். வீட்டில் கணினி கிடையாது. அடுத்த திங்கட்கிழமை ஆலையில் கைச்சோதனை. தவறினால் கத்தரி வேறொருவர் கைக்குப் போய்விடும்.

பதினொரு மணிக்கோ எட்டு இருக்கைகளிலும் ஆள் இருக்கும். நான்கு நாள்களாக, விளையாட்டு திறந்த வேகத்திலேயே மூடிக்கொண்டது. வியாழனன்று மாஸ்டரம்மா பக்கத்திலிருக்கும் கண்ணாடி அறைக்குச் சென்றார். அங்கே அமர்ந்திருக்கும் கணினிப் பொறுப்பாளருக்கு நாங்கள் வைத்த பெயர் பூட்டு.

"தம்பி, எனக்கு இது விளையாட்டு இல்லப்பா. வைத்தியம்."

"சிஸ்டத்துக்கு உங்க கையைத் தெரியாதும்மா, எண்ணிக்கைதான் தெரியும். ரெண்டு பேர்னா ரெண்டு பேர்தான்."

"ரெண்டு பேர் இருந்தா திறக்கும்ல?" என்று வாசலில் நின்றே கேட்டேன்.

"திறக்கும் சார். இந்தக் கூட்டம் எப்பக் குறையப்போகுது?" என்று சிரித்தார் பூட்டு.

திரும்பி வந்து, நாங்கள் வெளியேறினால் விளையாட்டு திறக்கும் என்று மற்றவர்களிடம் சொன்னேன். வாடகைக் கார் ஓட்டுநர் தம் திரையைப் பார்த்தார்.

"வாத்தியாரே, என் லைசென்ஸ் விண்ணப்பம் பாதியில நிக்குது... சரி, நிக்கட்டும். அக்கா ஆடட்டும்." வெளியேறும் பொத்தானை அழுத்தினார். ஒருவர் பின் ஒருவராக ஏழு பேரும் வெளியேறினோம். புதிதாக யாரும் வந்து உள்நுழையாதபடி, இருக்கையை விட்டு மட்டும் எவரும் எழவில்லை. அணைந்த திரைகளின் முன் கைகளைக் கட்டிக்கொண்டு அமர்ந்திருந்தோம்.

அப்போதும் விளையாட்டு திறக்கவில்லை. 'உள்நுழைந்தோர்: மூவர்' என்றது திரை.

"யாருய்யா அது, மேசைக்கு அடியில உக்காந்திருக்கிறது?" என்றார் ஓட்டுநர்.

நான் கண்ணாடிக்கு அப்பால் பார்த்தேன். பூட்டின் முன் இரண்டு திரைகள் ஒளிர்ந்தன. ஒன்றில் அலுவலகப் பணி, மற்றொன்றில் எங்கள்மீது கண்காணிப்பு. இரண்டிலும் அவரே உள்நுழைந்திருந்தார். அவர் காவல் இருக்கும்வரை, மாஸ்டரம்மா தனியே வந்தாலும் அந்த விளையாட்டு திறந்திருக்காது. விதியை எழுதியவர் தம்மை எண்ண மறந்திருந்தார். கண்ணாடியைத் தட்டி அவ்விரு திரைகளையும் சுட்டிக்காட்டினேன்.

"அது கண்காணிக்கிறதுக்கு சார். கணக்குல வராது," என்றார் பூட்டு.

"எண்ணிக்கைதான் தெரியும்னு சொன்னது நீங்கதானே? எண்ணியிருக்கு, வந்து பாருங்க."

"நான் வெளியேறிட்டா இங்க நடக்கிறதை யார் பாக்கிறது?"

"எழுந்து வந்து பாருங்க. எட்டடி தூரந்தான்."

"எல்லார் மேலயும் புகார் எழுதப்போறேன்!"

"தாராளமா எழுதுங்க. பிழை திருத்தித் தர்றேன்."

"எழுத ஒரு திரை போதுமே சார்," என்றார் ஓட்டுநர். "இன்னொண்ண மூடுங்க."

பூட்டு எங்களைப் பார்த்தார். ஏழு ஜோடிக் கைகளும் கட்டியபடியே இருந்தன. கதவில் ஒட்டிய தம் அறிவிப்பையும் பார்த்தார். பிறகு கண்காணிப்புத் திரையிலிருந்து வெளியேறினார்.

சீட்டுகள் விரிந்தன. மாஸ்டரம்மா ஒரு சிவப்பு ராணியை இழுத்தார். பாதி வழியில் விரல் நழுவியது. மறுபடியும் நழுவியது. மூன்றாம் முறை அது கறுப்பு ராஜாவின்மேல் போய் உட்கார்ந்தது. நாங்கள் மூச்சுவிட்டோம்.

அவர் தலையைத் திருப்பாமலே கண்ணாடி அறைக்குக் குரல் கொடுத்தார்:

"தம்பி, நாளைக்குப் பதினொண்ணுக்கெல்லாம் அந்தத் திரையை மூடிடுங்க. நாங்க எட்டுப் பேரும் வருவோம்."